நொடிகளில் ஒரு காட்சி

நுழையும்முன்

படம்பிடிக்கும் கருவி ஒருகாலத்தில் வசதி படைத்தோரின் உடைமையாக இருந்தது. திறன்பேசி வந்தபின் அது எல்லோர் கைக்கும் எட்டிவிட்டது. எடுப்பது எளிதாகிவிட்டது. ஆனால், எதை எடுப்பது, எதை விடுவது, யாரிடம் கேட்டு எடுப்பது என்னும் வினாக்கள் எளிதாகிவிடவில்லை. ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் குறுங்காணொளியைச் செம்மையாக உருவாக்கும் முறையையும், அதனோடு பிணைந்த பொறுப்பையும் இப்பாடம் விளக்குகிறது.

குறுமையே தொடக்கம்

குறுங்காணொளி இக்காலத்தின் புதுமை என்று பலரும் கருதுகின்றனர். உண்மையில், திரைப்படக் கலை பிறந்ததே குறும்படமாகத்தான். 1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், பாரிசு நகரின் கிராண்ட் கஃபே என்னும் விடுதியில் லூமியர் சகோதரர்களின் பத்துப் படங்கள் பொதுமக்களுக்குக் கட்டணத்துடன் திரையிடப்பட்டன. அவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே ஓடியது. அவர்களது கருவியில் ஏறத்தாழ 17 மீட்டர் நீளமுள்ள படச்சுருளே அடங்கும். கைப்பிடியைச் சுழற்றிப் படமெடுத்தால் அச்சுருள் சுமார் 50 நொடிகளில் தீர்ந்துவிடும். எனவே, எடுப்பவர் முன்னதாகவே எண்ணிப் பார்த்து, கருவியை ஓரிடத்தில் நிலைநிறுத்தி, உரிய நேரம் வரும்வரை காத்திருந்தார். தொழிற்சாலையைவிட்டு வெளியேறும் தொழிலாளர், குழந்தைக்கு உணவூட்டும் பெற்றோர் போன்ற அன்றாட நிகழ்வுகளே அப்படங்களின் பொருளாயின. அடுத்த ஆண்டு ஜூலை 7ஆம் நாள் பம்பாயின் வாட்சன் விடுதியில் இப்படங்கள் திரையிடப்பட்டபோது, இந்தியாவும் அந்த வியப்பில் பங்கு பெற்றது.

தமிழகத்தில் இக்கலையை மக்களிடம் கொண்டுசென்றவர்களுள் முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட். கோயம்புத்தூரைச் சேர்ந்த அவர், திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய இரயில்வேயில் பணியாற்றி வந்தார். 1905இல் டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து திரையிடும் கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையைத் துறந்து, கூடாரத்துடன் ஊர் ஊராகச் சென்று படம் காட்டினார். பின்னர்க் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான திரையரங்கையும் அமைத்தார். அன்று படத்தைக் காண மக்கள் கூடாரத்தைத் தேடிச் சென்றனர். இன்று படமே மக்களின் உள்ளங்கையைத் தேடி வருகிறது. 

இணையக் காணொளியும் குறுமையில்தான் கால்கொண்டது. 2020 ஜூன் 29ஆம் நாள் இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்குத் தடை விதித்தது. அதனைத் தொடர்ந்த சில மாதங்களுக்குள் இன்ஸ்டாகிராமின் ரீல்ஸும் யூடியூபின் ஷார்ட்ஸும் இந்தியாவில் அறிமுகமாயின. ஷார்ட்ஸ் தொடக்கத்தில் 15 நொடி அளவினதாக இருந்து, பின்னர் 60 நொடியாகவும், 2024 அக்டோபரில் 3 நிமிடமாகவும் வளர்ந்தது. இந்த எல்லை, அதற்குமேல் போகலாகாது என்பதற்கான அளவே அன்றி, அதுவரை நிரப்பியாக வேண்டும் என்பதற்கான அளவன்று. நாற்பது நொடியில் சொல்லி முடியும் செய்தியை மூன்று நிமிடத்துக்கு இழுப்பது, காண்பவரின் பொழுதை வீணாக்குவதாகும்.

தெரியுமா?
யூடியூப் தளத்தில் முதன்முதலில் பதிவேற்றப்பட்ட காணொளி 19 நொடிகளே ஓடக்கூடியது. அத்தளத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஜாவித் கரீம், அமெரிக்காவின் சான் டியாகோ விலங்குக்காட்சிச் சாலையில் யானைகளின் முன்நின்று பேசிய அக்காணொளி 2005 ஏப்ரல் 23ஆம் நாள் வெளியிடப்பட்டது.

சுருக்கம் என்னும் ஆற்றல்

சுருங்கச் சொல்லுதல் தமிழருக்குப் புதிதன்று. ஏழு சீர்களில் ஓர் அறத்தை நிறுத்துகிறது குறள். நான்கு முதல் எட்டு அடிகளுக்குள் ஒரு மனத்தின் முழு வரலாற்றையும் காட்டுகின்றன குறுந்தொகைப் பாடல்கள். இப்பாடல்களில் எதையும் விரித்துச் சொல்வதற்கு இடமில்லை. ஆகவே, கவிஞர் ஒரு பொருளைக் காட்டுவார். அதன்வழி உணர்வைக் கற்பவரே உய்த்துணர்வார்.

அகப்பாடலின் அமைப்பைச் சொல்லவந்த தொல்காப்பியர், முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றை வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய உயிர்களும் தொழில்களும் பொருள்களும் கருப்பொருள். மனத்தில் நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள். குறுங்காணொளி எடுப்பவரும் இம்மூன்றை வினாக்களாக மாற்றித் தம்மைக் கேட்டுக்கொள்ளலாம். எந்த இடம், எந்த நேரம்? அங்கே கண்ணுக்குத் தெரிவது எது? காண்பவர் மனத்தில் எஞ்ச வேண்டியது எது? மூன்றாவது வினாவுக்கு ஒரே வரியில் விடை எழுத இயலாதபோது, காணொளி எடுக்கும் காலம் இன்னும் வரவில்லை என்று அறியலாம்.

சின்னவீரமங்கலம் காட்டும் வழி

புதுக்கோட்டை மாவட்டத்தில் சின்னவீரமங்கலம் என்னும் சிற்றூர் உள்ளது. சமையல் தொழிலில் பழகிய பெரியதம்பி என்னும் முதியவரும், அவருடைய பேரன்மார் சுப்பிரமணியன், முருகேசன், அய்யனார், தமிழ்ச்செல்வன், முத்துமாணிக்கம் ஆகிய ஐவரும் 2018இல் அங்கே 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்னும் யூடியூப் அலைவரிசையைத் தொடங்கினர். 2021இல் அதன் சந்தாதாரர் எண்ணிக்கை ஒரு கோடியைக் கடந்தது. அவ்வெண்ணிக்கையை எட்டிய முதல் தமிழ் யூடியூப் அலைவரிசை அதுவே. அவ்வேளையில் அவர்கள் கொரோனா நிவாரணத்துக்காக முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் வழங்கினர்.

இவர்களுடைய காணொளிகள் பலவும் குறுங்காணொளிகளைவிட நீண்டவை. எனினும், காண்பவரைக் கட்டிப்போடும் முறையை அவற்றிலிருந்து கற்கலாம். அரங்க அமைப்போ ஒப்பனையோ அங்கு இல்லை. வயல்வெளி, விறகு அடுப்பு, பெரிய பாத்திரம், அம்மியின் ஒலி ஆகியவையே அங்குள்ள செல்வம். நீண்ட விளக்கவுரையும் இல்லை. ஒவ்வொரு பொருளையும் சேர்க்கும்போது அதன் பெயரை உரக்கச் சொல்கின்றனர். கண் காண்பதைச் செவியும் கேட்பதால், தமிழ் அறியாதவரும் அச்சொற்களைப் பின்தொடர்கின்றனர். சமைத்த உணவு பலருக்குப் பரிமாறப்படுவதில் காட்சி நிறைவடைகிறது. நிலம், தொழில், பகிர்ந்துண்ணும் மகிழ்ச்சி என மேற்கூறிய மூன்று பொருள்களும் ஒருங்கே அமைந்திருப்பதைக் காணலாம். தாம் நன்கறிந்த தொழிலைத் தம் ஊரிலேயே, தம் மொழியிலேயே காட்டினர் என்பதே அவர்களது வெற்றியின் அடிப்படை.

வேங்கிக்காலில் ஒரு திட்டம்

திருவண்ணாமலை நகரை ஒட்டி, வேலூர் செல்லும் சாலையில் அமைந்துள்ளது வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்குதான் இயங்குகிறது. ஏரியும், அண்ணாமலையின் தோற்றமும் இவ்வூரின் அடையாளங்கள். முழுநிலவு நாளில் 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் மக்கள் திரள்திரளாக நடக்கின்றனர். அந்நாளில் பூ வணிகமும் பெருகுகிறது.

இவ்வூரில் வாழும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர், குறுங்காணொளி ஒன்றை எடுக்க விரும்புகிறார் எனக் கொள்வோம். 'திருவண்ணாமலையின் சிறப்புகள்' என்பது அவருக்கு முதலில் தோன்றும் தலைப்பு. அது ஒரு நூலுக்குரிய பொருள். ஒரு நிமிடத்தில் அடங்காது. 'முழுநிலவு நாள்' என்று சுருக்கினாலும் அது இன்னும் பெரிதே. 'பூ விற்பவர்' என்பது அதனினும் நெருங்கியது. தெருமுனையில் பூக் கட்டும் மூதாட்டி, வாங்க வருபவரோடு பேசிக்கொண்டே, கையைப் பாராமல் மல்லிகையைக் கட்டுகிறார். கண் பாராதபோது விரல் எப்படித் தவறாமல் கட்டுகிறது? இந்த ஒரு வினாவே ஒரு நிமிடக் காணொளிக்கு உரிய பொருள்.

அடுத்து, அவர் செய்யவேண்டியது படமெடுப்பதன்று, உட்கார்ந்து பார்ப்பது. நனைத்த வாழைநார் எங்கே இருக்கிறது? இரண்டிரண்டு மொட்டுகளை எப்படி எதிரெதிராக வைக்கிறார்? முடிச்சு எந்த விரலில் விழுகிறது? முழம் அளக்கும்போது கை எப்படி நீள்கிறது? இவற்றைக் கவனித்தபின் ஒரு தாளில் காட்சிகளை வரிசைப்படுத்தலாம்.

1. மொட்டுகளைச் சேர்க்கும் விரல்கள், மிக அருகில் - 3 நொடி
2. நாரைச் சுற்றி முடிச்சிடும் முறை, கைகள் மட்டும் - 12 நொடி
3. பேசிக்கொண்டே கட்டும் மூதாட்டி, இடுப்பளவு - 10 நொடி
4. முழம் அளந்து நறுக்கி, இலையில் வைத்துக் கொடுத்தல் - 12 நொடி
5. பூவோடு நடந்து செல்பவர், பின்னணியில் மலை - 8 நொடி

மொத்தம் 45 நொடி. முதற்காட்சி அண்மைத் துணிப்பு. மூன்றாவது இடைநிலைத் துணிப்பு. இறுதிக்காட்சி சேய்மைத் துணிப்பு. வழக்கமாகத் தொலைவிலிருந்து தொடங்கி அருகே வருவதுண்டு. குறுங்காணொளியில் அருகிலிருந்து தொடங்குவதே பெரும்பாலும் பயன் தரும். ஏனெனில், விரலால் திரையைத் தள்ளிக்கொண்டே செல்பவர், ஒரு காணொளியைத் தொடர்ந்து பார்ப்பதா வேண்டாவா என்பதை முதல் சில நொடிகளிலேயே முடிவு செய்துவிடுகிறார். 'வணக்கம், இன்றைக்கு நாம் பார்க்கப் போவது' என்னும் முன்னுரை அந்த நொடிகளை விழுங்கிவிடும். விரல்களின் விரைவு, பார்த்த கணமே வினாவை எழுப்பும்.

ஒளி, ஒலி, கைநிலை

திறன்பேசியின் படக்கருவியில் ஒளியை உணரும் பகுதி மிகச் சிறியது. ஒளி குறைந்தால் படத்தில் புள்ளிகள் தோன்றும், நிறம் மங்கும். ஆதலால், ஒளியைத் தேர்ந்தெடுப்பது கருவியைத் தேர்ந்தெடுப்பதைவிட முதன்மையானது. காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் கதிரொளி மென்மையானது. நண்பகல் ஒளி முகத்தில் கண்ணுக்குக் கீழே கருநிழலை உண்டாக்கும்.

ஒளியைக் கணிக்க ஊரின் திசையை அறிந்திருத்தல் வேண்டும். வேங்கிக்கால், அண்ணாமலைக்கு வடகிழக்கே இருக்கிறது. காலையில் கிழக்கிலிருந்து வரும் ஒளி, ஊரை நோக்கிய மலைச்சரிவின்மேல் நேராக விழுகிறது. பாறைகளும் பசுமையும் தெளிவாகத் தெரியும். மாலையில் கதிரவன் மலையின் பக்கம் சாய்வதால், கருவி ஒளிக்கு எதிரே நிற்க நேரும். மலை கருநிற வடிவமாகவே பதியும். மலையின் உருவெழுச்சியைக் காட்ட மாலை ஏற்றது. மலையையும் அதன் முன் நடப்பவரின் முகத்தையும் ஒருங்கே காட்டக் காலையே ஏற்றது. இவ்வாறே ஒவ்வோர் ஊர் மாணவரும் தம் ஊரின் ஏரி, தெரு, கடைவீதி ஆகியவற்றில் ஒளி விழும் திசையைக் கணித்து வைத்திருக்கலாம்.

படமெடுக்கும்முன் செய்யவேண்டியவை சில உள்ளன. சட்டைப்பையிலும் கையிலும் புரளும் திறன்பேசியின் வில்லையில் எண்ணெய்ப்பசை படிந்திருக்கும். மென்மையான துணியால் அதைத் துடைத்தாலே பாதிப் படம் தெளிந்துவிடும். இடையில் அழைப்பு வந்து பதிவு தடைபடாதிருக்கக் கருவியை விமானப் பயன்முறைக்கு மாற்றலாம். திரையில், தெளிவாகத் தெரியவேண்டிய இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால், பல கருவிகளில் குவியமும் ஒளியளவும் அவ்விடத்திலேயே நிலைபெறும். குறுங்காணொளிகள் பெரும்பாலும் 9:16 என்னும் நெடுக்கு அளவில் காணப்படுவதால், கருவியை நிமிர்த்திப் பிடித்தல் வேண்டும். திரையின் கீழ்ப்பகுதியிலும் வலப்புறத்திலும் செயலியின் குறியீடுகளும் எழுத்துகளும் வந்து மறைக்கும். முதன்மையான பொருளை அங்கே வைக்கலாகாது.

இரு கைகளாலும் பிடித்து, முழங்கைகளை உடலோடு ஒட்டிவைத்தால் அசைவு குறையும். சுவர், தூண், நாற்காலியின் முதுகு ஆகியவற்றில் சாய்ந்துகொள்வதும் நன்று. திரையில் விரலை விரித்துப் பெரிதாக்குவதைவிட, இரண்டடி முன்னே நடந்து செல்வது படத்தின் தரத்தைக் காக்கும். ஒவ்வொரு காட்சியையும் தேவைக்குமேல் இரண்டு நொடி முன்னும் பின்னும் சேர்த்து எடுத்தால், தொகுக்கும்போது வெட்ட இடமிருக்கும்.

படம் சற்று மங்கலாயினும் காண்பவர் பொறுத்துக்கொள்வர். பேச்சு விளங்காவிடில் அடுத்ததற்குச் சென்றுவிடுவர். பேசுபவர் ஓரடி தொலைவில் இருக்கும்போது தெளிவாகப் பதியும் குரல், பத்தடி தொலைவில் பேருந்து ஒலியில் கரைந்துவிடும். கம்பிவழிச் செவிப்பொறியில் உள்ள ஒலிவாங்கியைப் பேசுபவரின் உடையில் பொருத்தினால், செலவின்றியே குரலைப் பெறலாம். காட்சியை எடுத்து முடித்தபின், அவ்விடத்தின் இயற்கையான ஒலியை அரை நிமிடம் தனியே பதிந்து வைப்பது தொகுப்புக்குத் துணைபுரியும். நார் உரியும் ஒலியும், விலை கேட்கும் குரலும், கடந்து செல்லும் மணியோசையும் எந்தத் திரையிசைப் பாடலைவிடவும் அவ்வூரை அருகே கொண்டுவரும்.

தெரிந்து தெளிவோம்
பலர் ஒலியை அடக்கிவிட்டுக் காணொளி பார்க்கின்றனர். செவித்திறன் குறைந்தோரும் பார்க்கின்றனர். ஆதலால், பேச்சைத் திரையில் எழுத்தாகத் தருவது இன்றியமையாதது. எழுத்துகள் பெரியனவாகவும், ஒரு வேளையில் ஐந்தாறு சொற்களுக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். தானியங்கி எழுத்துருவாக்கம் தமிழில் ல, ள, ழ வேறுபாட்டிலும் ஒற்றெழுத்திலும் பிழை செய்யக்கூடும். வெளியிடும்முன் ஒவ்வொரு வரியையும் படித்துத் திருத்துவது எடுத்தவரின் கடமை.

தொகுப்பின் ஆற்றலும் பொய்யும்

எடுத்தவற்றை வெட்டி, வரிசைப்படுத்தி, இணைக்கும்போதுதான் காணொளி உருப்பெறுகிறது. ஒவ்வொரு காட்சியும் புதியதொன்றைச் சொல்கிறதா என்பதே வெட்டுவதற்கான அளவுகோல். சொன்னதையே மீண்டும் சொல்லும் காட்சி, அழகாயிருந்தாலும் நீக்கப்பட வேண்டியதே. எடுத்தவர்க்கு எல்லாக் காட்சியும் இனிது. காண்பவர் நிலையிலிருந்து பார்க்கும்போதுதான் மிகை புலப்படும்.

இணைப்புக்கு வேறோர் ஆற்றலும் உண்டு. உருசிய இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு சோதனை செய்தார். நடிகர் ஒருவரின் உணர்ச்சி காட்டாத முகத்தை, உணவுக் கிண்ணம், சவப்பெட்டி போன்ற வெவ்வேறு காட்சிகளோடு இணைத்துக் காட்டினார். முகம் ஒன்றே. ஆயினும், கிண்ணத்தை அடுத்து வந்தபோது பசியும், சவப்பெட்டியை அடுத்து வந்தபோது துயரமும் அம்முகத்தில் இருப்பதாகப் பார்த்தவர் உணர்ந்தனர். பொருள், காட்சியில் மட்டும் இல்லை. காட்சிகளின் சேர்க்கையிலும் பிறக்கிறது என்பதை இது காட்டிற்று.

இந்த ஆற்றலே பெரும் இடராகவும் மாறும். பூக் கட்டும் மூதாட்டி, களைப்பால் ஒரு கணம் சுவரில் சாய்ந்து கண்மூடுகிறார். அக்காட்சியோடு சோக இசையைச் சேர்த்து, 'ஆதரவற்ற முதுமை' என்று எழுதி வெளியிட்டால், காண்போர் கண்ணீர் வடிப்பர்; விருப்பக்குறிகளும் பெருகும். ஆனால், அவர் உழைத்து உண்பவர். பல ஆண்டுகளாக ஒரு தொழிலில் தேர்ந்தவர். மறுநாள் அவருடைய வாடிக்கையாளர் வந்து இரக்கத்தோடு பார்க்கும்போது, அவர் இழப்பது பணமன்று, தலைநிமிர்வு. காட்சியில் ஒரு சொல்கூடப் பொய்யில்லாமலேயே காணொளி முழுவதும் பொய்யாகிவிடும் விந்தை இது. பேசியதில் முன்பாதியை வெட்டிப் பின்பாதியை மட்டும் வெளியிடுவதும், பழைய வெள்ளக் காட்சியை இன்றைய வெள்ளம் எனக் காட்டுவதும், செயற்கை நுண்ணறிவால் ஒருவர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டுவதும் இவ்வகையைச் சார்ந்தனவே.

காட்டப்படுபவரின் உரிமை

ஒருவரைப் படமெடுக்கும்முன் இசைவு பெறுதல் முதற்கடமை. "ஆயா, நீங்க பூக் கட்டுறதைப் படம் எடுத்துக்கட்டுமா? செல்போன்ல எல்லாரும் பார்ப்பாங்க" என்று கேட்பதற்குச் சில நொடிகளே போதும். எடுக்கலாமா என்பதோடு, வெளியிடலாமா என்பதையும் தனியே கேட்க வேண்டும். இரண்டும் வேறு. முடித்த காணொளியை அவரிடம் காட்டி, வேண்டாம் என்று அவர் சொல்லும் பகுதியை நீக்கிவிட வேண்டும். வெளியிட்டபின் எடுத்தவரே அழித்தாலும், பிறர் பதிவிறக்கிய படிகள் அழிவதில்லை. எனவே, கேட்கும் காலம் வெளியீட்டுக்கு முன்பே தவிரப் பின்பு இல்லை.

தனியுரிமை அடிப்படை உரிமை என, 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் உள்ளார்ந்த பகுதியாக அது ஏற்கப்பட்டது. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் இசைவின்றிப் படமெடுப்பதும் வெளியிடுவதும் பரப்புவதும், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66இ பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். பிறர் இயற்றிய இசையையும் காட்சியையும் இசைவின்றி எடுத்தாள்வதைப் பதிப்புரிமைச் சட்டம் 1957 கட்டுப்படுத்துகிறது. தண்டவாளத்தில் அத்துமீறி நுழைவது இரயில்வே சட்டம் 1989இன் 147ஆம் பிரிவின்படி குற்றம். பார்வை எண்ணிக்கைக்காக உயிரைப் பணயம் வைப்பதைச் சட்டம் மட்டுமன்றி அறிவும் தடுக்கிறது.

கோவில் நகரத்துக்கு மற்றுமொரு வரம்பும் உண்டு. திருச்செந்தூர்க் கோவில் தொடர்பான வழக்கில், தமிழ்நாட்டுக் கோவில்களில் கைபேசிப் பயன்பாட்டைத் தடைசெய்யுமாறு அறநிலையத் துறைக்குச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் ஆணையிட்டது. வழிபடும் இடத்தின் அமைதியையும், வழிபடுவோரின் தனிமையையும் காப்பதே இத்தகைய வரம்பின் பயன். கோவிலுக்கு வெளியேயும் இவ்வுணர்வு தேவை. கிரிவலப் பாதையில் உறங்கும் அடியார், கண்மூடி அமர்ந்திருக்கும் துறவி, அழுதுகொண்டே நடக்கும் ஒருவர் ஆகியோர் எல்லோர் கண்ணுக்கும் தெரிவர். தெரிவதனாலேயே அவர்கள் காட்சிப்பொருள் ஆகிவிடுவதில்லை. கேட்க இயலாத நிலையில் ஒருவர் இருந்தால், எடுக்காமல் விடுவதே முறை. அவ்விடத்தில் முகத்தைத் தவிர்த்து நடக்கும் கால்களையும், ஏற்றிய கற்பூரத்தையும், மலையையும் காட்டலாம். விடுதலும் ஒரு கலையே.

பயனின் அளவுகோல்

ஒரு காணொளி வென்றதா என்பதைப் பார்வை எண்ணிக்கையைக் கொண்டு கணிப்பது வழக்கமாகிவிட்டது. இறுதிவரை பார்த்தவர் எத்தனை பேர் என்பது அதைவிடச் சிறந்த அளவு. பார்த்தவர் புதிதாக எதையேனும் அறிந்தாரா, காட்டப்பட்டவர் அதைப் பெருமையோடு தம் வீட்டாருக்குக் காட்டுவாரா என்பவை எல்லாவற்றினும் சிறந்த அளவுகள். முதலிரண்டையும் கருவி எண்ணித் தரும். பின்னிரண்டையும் எடுத்தவரே தேடி அறிய வேண்டும். லூமியர் சகோதரர்களுக்கு 17 மீட்டர் சுருள் எல்லையாக இருந்தது. அந்த எல்லையே அவர்களை எண்ணிப் பார்க்க வைத்தது. இன்று கருவிக்கு எல்லை இல்லை. எண்ணிப் பார்ப்பதை எடுப்பவரே தமக்கு எல்லையாக வகுத்துக்கொள்ளும்போது, நொடிகளில் அடங்கும் காட்சியும் நெடுநாள் நிலைத்து நிற்கும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரின் தொழிலாளர் ஒருவருடைய கைத்திறனை 45 நொடியில் காட்டுவதற்கு ஐந்து காட்சிகள் கொண்ட திட்டத்தை எழுதுக.
2. உங்கள் பள்ளி வளாகத்தில் காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளைகளில் ஒரே இடத்தைப் படமெடுத்து, ஒளியின் வேறுபாட்டை வகுப்பில் விளக்குக.
3. ஒரே காட்சிக்கு இருவேறு தலைப்புகள் தந்து, அதன் பொருள் மாறும் விதம் குறித்துக் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. 1905இல் திரையிடும் கருவியை வாங்கி ஊர் ஊராகச் சென்று படம் காட்டியவர்
அ) லெவ் குலெஷோவ் ஆ) சாமிக்கண்ணு வின்சென்ட் இ) ஜாவித் கரீம் ஈ) லூமியர்

2. நிலமும் பொழுதும் என்பவை
அ) உரிப்பொருள் ஆ) கருப்பொருள் இ) முதற்பொருள் ஈ) புறப்பொருள்

குறுவினா

1. குறுங்காணொளியை அண்மைத் துணிப்பில் தொடங்குவது ஏன் பயன் தரும்?
2. படமெடுக்கும் இசைவும் வெளியிடும் இசைவும் எவ்வாறு வேறுபடுகின்றன?

சிறுவினா

1. வேங்கிக்காலிலிருந்து அண்ணாமலையைக் காலையிலும் மாலையிலும் படமெடுப்பதில் உள்ள வேறுபாட்டை விளக்குக.
2. சின்னவீரமங்கலத்துக் காணொளிகளில் முதல், கரு, உரிப்பொருள்கள் அமைந்துள்ள பாங்கை எழுதுக.

நெடுவினா

'காட்சியில் பொய்யில்லாமலேயே காணொளி பொய்யாகலாம்' - இக்கூற்றைக் குலெஷோவின் சோதனையோடும் உங்கள் அனுபவத்தோடும் பொருத்திக் கட்டுரை வரைக.